வண்டி ஓட்டத் தெரியாத டிரைவர்

ஜூன் 3

ஊசிக்காரருக்கு,

உங்கள் போனுக்குப் பதினொரு தடவை அடித்துப் பார்த்தேன். நீங்கள் எடுக்கவில்லை. என் வண்டி சீட்டின் அடியில் நீங்கள் வைத்துத் தைத்த துணி லேபிளில் கடை விலாசம் இருந்தது. விடுமுறைக்கு வந்த இடத்திலும் விலாசம் ஒட்டுகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று அன்றைக்குக் கிண்டல் செய்தேன். இன்றைக்கு அதை நம்பித்தான் இந்தக் கடிதம். ஆஸ்பத்திரி லெட்டர்பேடில் எழுதுகிறேன், வேறு நல்ல தாள் கையில் இல்லை.

முழங்கை எப்படி இருக்கிறது? அக்கா வீட்டு கேட் தூணுக்குப் பெரிய சேதம் எதுவும் இல்லையாம். மேலே இருந்த கண்ணாடி விளக்கு மட்டும்தான் போயிற்று. என் வண்டியின் முன்பக்க நசுங்கலையும் தட்டி எடுத்தாயிற்று. ஆக யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றைக்கு நடந்தது ஒரு குழப்பம், அவ்வளவுதான். வீட்டு ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினால் எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. நீங்கள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

என் சீட்டின் ஸ்பிரிங் குத்தாமல் இருந்திருந்தால், அந்த லாட்ஜ் மேனேஜர் "டிபன் சாப்பிடறாரே, அவரு சீட் தைக்கிறவருதாங்க" என்று உங்களைக் கைகாட்டாமல் இருந்திருந்தால், நீங்கள் உங்கள் டூரிஸ்ட் பஸ்ஸிலேயே சுற்றிப் பார்த்துவிட்டு நிம்மதியாக ஊர் திரும்பியிருப்பீர்கள். அந்தப் பஸ்ஸைத் தவறவிட வைத்ததற்கும் சேர்த்து வருந்துகிறேன். அதற்குப் பிறகு என் வண்டியில் என்னோடு ஊர் சுற்ற வந்த ஆறு நாளுக்கும் நன்றி.

ஊர் போய்ச் சேர்ந்தீர்களா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

பல் டாக்டர்


ஜூன் 11

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. ஊர் வந்து சேர்ந்தேன். முழங்கை சரியாகிவிட்டது. தூணை இடித்ததற்கு நான் மறுபடியும் மன்னிப்புக் கேட்டதாகத் தங்கள் அத்தானிடம் சொல்லவும்.

இங்கே கடையில் தலைக்கு மேல் வேலை. ஒரு சினிமா தியேட்டருக்கு நானூறு நாற்காலி பிரித்துத் தைக்கிறோம்.

தங்களுக்கு இதற்குள் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் கிடைத்திருப்பார் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
டிரைவர்


ஜூன் 15

ஊசிக்காரருக்கு,

கையெழுத்து நன்றாக இருக்கிறது. கடைசி எழுத்தின் புள்ளி தாளைக் குத்திக்கொண்டு அந்தப் பக்கம் போயிருக்கிறது. கடிதம் வந்தபோது ஒரு பெரியவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். படித்துவிட்டு அவருடைய நல்ல பல்லைத் தட்டிப் பார்த்து "இதுதானே வலிக்குது?" என்று கேட்டேன். அவர் பாவம், தலையாட்டிவிட்டார். யார்மேல் கோபம் என்று பகல் முழுக்கத் தேடினேன். கடைசியில் அது என்மேல்தான் வந்து நின்றது.

மழுப்பாமல் எழுதுகிறேன். என் கையாலேயே ஒரு தடவை எழுதிப் பார்த்தால்தான் எனக்கு உறைக்கும்.

பெட்ரோல் பங்கில் அத்தான் என் வண்டியைப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு வா என்று சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். பக்கத்துத் தெருதான் வீடு, வராமல் போக முடியாது. வாசலில் அக்கா உங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யாரு இவரு?" என்றாள். உங்கள் சட்டைக் காலரில் நூல் ஒட்டிக்கொண்டிருந்தது. நகக்கண்ணில் பசை. நான் "டிரைவர்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே அந்த வார்த்தை தயாராக இருந்ததுதான் என்னைக் கொல்கிறது.

அத்தான் தன் வண்டியை வெளியே எடுக்க வேண்டும் என்று, நான் மேஜையில் வைத்த என் வண்டிச் சாவியை உங்களிடம் நீட்டி, "வண்டிய கொஞ்சம் பின்னாடி எடுப்பா" என்றார். நான் கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கேட்டது. ஆறு நாளும் ஸ்டியரிங் பிடித்தது நான். உங்களுக்குச் சைக்கிளுக்கு மேல் எதுவும் ஓட்டத் தெரியாது என்று தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். எழுந்து வந்திருக்கலாம். இன்னொரு மடக்குக் குடித்தேன்.

பிறகு சத்தம். வண்டி முன்னால் பாய்ந்து தூணில் நின்றது. "யாருடா உனக்கு லைசென்ஸ் குடுத்தது?" என்று அத்தான் கத்தினார். நீங்கள் "மன்னிச்சிருங்க சார்" என்றீர்கள். நான் வெளியே வந்து, "விடுங்க அத்தான், புது ஆள்" என்றேன். முதல் தடவை வாய் தவறியது என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது தடவைக்கு என்ன பேர்?

நாங்கள் உள்ளே மேஜையில் சாப்பிட்டோம். உங்களுக்கு வெளியே படியில் தட்டு வந்தது. ஜன்னல் வழியாக உங்கள் முதுகு தெரிந்தது. கிளம்பும்போது "அவருக்குப் படபடப்பா இருக்கு, நானே ஓட்டறேன்" என்றேன். நீங்கள் பின்சீட்டில் ஏறினீர்கள். ஆறு நாளும் என் பக்கத்தில் உட்கார்ந்து வழியில் வரும் பலகை ஒவ்வொன்றையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தவர், பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஒரு பலகையைக்கூடப் படிக்கவில்லை.

காரணம் கேட்டால் ஒன்றுதான் உண்டு. பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் கல்யாணம் முறிந்தபோது அவர்கள் வீட்டில்தான் இரண்டு வருஷம் கிடந்தேன். அத்தான்தான் கோர்ட்டுக்கு அலைந்தார். "இனிமே யாரையாவது கூட்டிட்டு வந்து நின்னேன்னா நல்லா விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடுவேன்" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வார். அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீங்கள் ஏன் அந்தச் சாவியை வாங்கினீர்கள்?

பல் டாக்டர்


ஜூன் 27

டாக்டருக்கு,

உங்களை அக்கா முன்னால் பொய்யாக்க மனசு வரவில்லை என்று எழுதினால் எனக்குப் பெருமையாக இருக்கும். அது பாதிதான் உண்மை. மீதி திமிர். பதினாறு வயசிலிருந்து வண்டிகளுக்குள் குந்தியிருக்கிறேன். எந்தக் கம்பெனி வண்டியானாலும் சீட்டைக் கழற்றி மாட்டுவேன். நான் உட்காராத வண்டி இல்லை, நான் உட்கார்ந்து நகர்த்திய வண்டியும் இல்லை. ஒரு கேட் தூரம் பின்னால் தள்ள என்ன பெரிய வித்தை வேண்டியிருக்கிறது என்று நினைத்தேன். தூண் பதில் சொல்லிவிட்டது.

நீங்கள் டிரைவர் என்றது வலித்தது. டிரைவர் கேவலமான வேலையா என்ன? என் அப்பா லாரி ஓட்டினவர். அது வேலையைப் பற்றிய வலி இல்லை. முந்தின நாள் மழையில் வண்டியை ஓரம் கட்டியபோது நான் ஒன்று கேட்டேன். "இந்த சீட்டுக்கு இருபது வருஷம் தாங்கற மாதிரி தையல் போட்டிருக்கேன், அத்தனை வருஷமும் பக்கத்துல நானே உக்காந்துக்கலாமா?" என்று. நீங்கள் சிரித்தீர்கள், வைப்பரைப் போட்டீர்கள், பதில் நாளைக்கு என்றீர்கள். டிரைவர் என்றதுதான் மறுநாள் வந்த பதில் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்கள் அக்கா வீட்டுப் படியில் தட்டு வைத்தார்கள் இல்லையா? ரோஷம் உள்ளவன் எழுந்து போயிருப்பான். எனக்கு நல்ல பசி. சாப்பிட்டேன். ருசியாகவும் இருந்தது. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். பஸ்ஸில் வரும்போது உங்களை நினைத்துக்கூட அவ்வளவு கூசவில்லை, அந்தக் கடைசி வாயை நினைத்துத்தான் கூசியது.

பஸ்ஸைத் தவறவிட்டதற்கு வருந்துவதாக எழுதியிருந்தீர்கள். வேண்டாம். லாட்ஜ் வாசலில் அந்தப் பஸ் மூன்று தடவை ஹாரன் அடித்தது. மூன்றும் எனக்குக் கேட்டது.

ஊசிக்காரன்


ஜூலை 4

ஊசிக்காரருக்கு,

மூன்று ஹாரன் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே அது எனக்கு உரியது இல்லை என்று தோன்றியது.

பதில் "நாளைக்கு" என்றது தள்ளிப்போடுவதற்காக இல்லை. எனக்கு நாற்பத்திரண்டு வயசு. "சரி" என்று சொல்லும்போது குரல் நடுங்கிவிடுமோ என்று பயந்து ஒரு நாள் வாங்கினேன். இப்போது எழுதினால் யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் அக்காவும் அத்தானும் இங்கே வருகிறார்கள். அவர்கள் பெண்ணுக்குப் பல்லில் கம்பி மாட்ட வேண்டும். இரண்டு நாள் என் வீட்டில்தான் இருப்பார்கள். அப்போது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். நீங்கள் யார், வண்டியை யார் ஓட்டினது, நான் என்ன செய்தேன் என்று மூன்றையும். சொல்லிவிட்டு எழுதுகிறேன். அதுவரை என்னை நல்லவள் என்றும் நினைக்க வேண்டாம், கெட்டவள் என்றும் முடிவு கட்ட வேண்டாம்.

பல் டாக்டர்


ஜூலை 20

ஊசிக்காரருக்கு,

சொல்லவில்லை.

எப்படியாவது நியாயம் கற்பிக்கலாம் என்று நான்கு தாள் கிழித்தேன். நடந்ததை மட்டும் எழுதுகிறேன். முதல் நாள் அந்தப் பெண் வலியில் அழுதுகொண்டிருந்தாள், அது சொல்லும் நேரமில்லை. இரண்டாம் நாள் மதியச் சாப்பாட்டில் நேரம் இருந்தது, அமைதியும் இருந்தது. நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அத்தான், "ஆமா, அந்த டிரைவரை இன்னும் வெச்சிருக்கியா, இல்ல அவன் உன்னையும் தூண்ல ஏத்திட்டானா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

பல் தெரியச் சிரித்தேன். பிறகு "அனுப்பிட்டேன் அத்தான்" என்றேன். அவர்கள் ஊருக்குக் கிளம்பியதும் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அழுகையைக் கேட்பவர் யாரும் இல்லாத வீட்டில் குழாயை எதற்குத் திறந்தேன் என்று தெரியவில்லை. 

இதை மறைத்திருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. மறைக்காததை ஒரு நல்ல குணமாகக் கணக்கில் சேர்க்கச் சொல்லி எழுதவில்லை. வாக்குக் கொடுத்தேன், அதனால் எழுதுகிறேன்.

பல் டாக்டர்


ஆகஸ்ட் 1

டாக்டருக்கு,

படித்தேன்.

தியேட்டர் வேலை முடிந்தது. போன வாரம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். என்னை டிரைவர் என்று இனி யார் சொன்னாலும் அது பாதியாவது உண்மையாக இருக்கட்டும். சொல்லிக்கொடுக்கிறவர் கிளட்ச் என்றால் நான் பிரேக் மிதிக்கிறேன். "முதல்ல சீட்ட தடவறத நிறுத்துங்க சார்" என்கிறார்.

டாக்டர், நீங்கள் எழுதும் கடிதம் எல்லாம் நன்றாக இருக்கிறது. தப்பை இவ்வளவு அழகாக ஒத்துக்கொள்கிற ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் எல்லாவற்றையும் என்னிடமே ஒத்துக்கொள்கிறீர்கள். தையல் பிரிந்த இடம் அங்கே இருக்கிறது, நீங்கள் இங்கே ஊசி குத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

நான் கோபத்தில் எழுதவில்லை. களைப்பாக இருக்கிறது. இனி எழுத வேண்டாம்.

ஊசிக்காரன்


ஆகஸ்ட் 19

ஊசிக்காரருக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நல்ல எண்ணத்தோடு போனேன் என்று சொல்ல மாட்டேன். பாதி வழியில் இரண்டு தடவை வண்டியைத் திருப்பினேன். கேட்டைத் திறக்கும்போதே உள்ளே அத்தான் குரல் கேட்டது. எதிர்வீட்டுக்காரரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். அத்தான் அவர்களுக்கு உங்கள் கதையை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். தோளைக் குறுக்கி, கையைக் கட்டி, "மன்னிச்சிருங்க சார்" என்று உங்களைப் போலவே. நன்றாக நடிக்கிறார். எத்தனை பேருக்கு நடித்துப் பழகினாரோ.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அத்தான், அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது" என்றேன்.

"அதான் ஊருக்கே தெரியுமே" என்று சிரித்தார்.

"அவர் டிரைவர் இல்ல. ஆறு நாளும் ஓட்டினது நான். நீங்க சாவி குடுத்தப்ப எனக்குக் கேட்டுச்சு. நான் பேசாம இருந்தேன்."

எதிர்வீட்டுக்காரர்கள் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார்கள். அக்கா சமையலறை வாசலில் நின்று, "அப்ப யாருடி அவரு?" என்றாள். வழியெல்லாம் இதற்கு ஒரு சொல் தேடிக்கொண்டு வந்திருந்தேன். தெரிந்தவர் என்றால் பொய். நண்பர் என்றால் மழுப்பல். "எனக்கு வேண்டியவர்" என்றேன். குரல் நடுங்கத்தான் செய்தது.

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். என்ன வேலை, என்ன படிப்பு, எந்த ஊர் என்று அத்தான் குடைவார் என்று எதிர்பார்த்தேன். பதில்கூடத் தயார் செய்திருந்தேன். அக்கா ஒன்றையும் கேட்கவில்லை. கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"படியில உக்கார வெச்சு சாப்பாடு போட்டேனேடி. உனக்கு வேண்டியவருக்கு. இன்னும் வேணுமான்னுகூட ஒரு வார்த்தை கேக்கலையே. நீ ஜன்னல் வழியா பாத்துக்கிட்டேதானே இருந்தே?"

நான் ஆமாம் என்றேன்.

"எங்கள பத்தி நீ இவ்வளவுதான் நெனச்சிருக்கியா?"

உங்களை நான் கேவலப்படுத்தியது எனக்குத் தெரியும். அவர்களையும் சேர்த்துத்தான் கேவலப்படுத்தியிருக்கிறேன் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் என் மண்டையில் ஏறவில்லை. என்னை இரண்டு வருஷம் தாங்கினவர்களை, ஒரு நல்ல மனிதருக்கு மேஜையில் இடம் தரமாட்டார்கள் என்று நானே தீர்ப்பு எழுதி வைத்திருந்தேன்.

அத்தான் போய்ச் செருப்பை மாட்டினார். பிறகு, "நான் அவரை 'டா' போட்டா பேசினேன்?" என்றார்.

"ஒரு தடவை."

வெளியே போய் கேட் பக்கம் நின்றுகொண்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. உங்கள் விலாசம் வேண்டும், நேரில் வந்து பேச வேண்டும் என்கிறார். உங்களைக் கேட்காமல் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் பதில் எழுத வேண்டாம். மழையில் கேட்டீர்களே, அதற்குச் சரி. அன்றைக்கே சரிதான். இனி அதற்கு மதிப்பு இருக்கிறதா இல்லையா என்பது உங்கள் விருப்பம்.

பல் டாக்டர்


ஆகஸ்ட் 30

டாக்டருக்கு,

உங்களை நிறைய நாள் கூனிக் குறுக வைத்துவிட்டேன். இனி என் முறை.

நான் அண்ணன் வீட்டில் இருக்கிறேன், கடைக்கு மேல் மாடி. தபால் எல்லாம் அண்ணி கையில்தான் கிடைக்கும். உங்கள் முதல் கடிதம் ஜூன் மாசம் வந்தபோது, உறையில் பல் ஆஸ்பத்திரி என்று பார்த்துவிட்டு, "என்ன இது?" என்று கேட்டார். நான் "பல்லு" என்றேன். "வலியா?" என்றார். "ஆமா" என்றேன்.

அன்றைக்குத் தொடங்கியது. ஏறக்குறைய மூன்று மாதமாக எனக்குக் குழைந்த சாதம். வீட்டில் கரகரவென்று எது பொரித்தாலும் எல்லாருக்கும் உண்டு, எனக்குக் கிடையாது. அண்ணன் காலையில் வெந்நீரில் உப்புப் போட்டு எடுத்துக்கொண்டு என் முன்னால் நிற்பார். கொப்பளித்துத் துப்புகிற வரைக்கும் நகர மாட்டார். ஒவ்வொரு கடிதம் வரும்போதும், இவ்வளவு அக்கறையான டாக்டரா என்று இருவரும் உருகுவார்கள். அண்ணி என்னைக் குழந்தையிலிருந்து வளர்த்தவர். படிக்காத என்னை ஒரு டாக்டர் எதற்குத் தேடுகிறார், ஏமாறப்போகிறாயா என்று கேட்டுவிடுவாரோ என்று பயம். அதனால் வலி என்று சொல்லிவிட்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டே உங்களுக்கு ஊசி குத்துவதைப் பற்றி உபதேசம் எழுதினேன். எழுதின கை கூசுகிறது.

உங்கள் கடைசி உறை தடிமனாக வந்தது. அண்ணி அதைக் கையில் எடை பார்த்துவிட்டு, "எத்தனை தடவதான் எழுதுவாங்க. பேசாம புடுங்கிடேன்டா" என்றார்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அண்ணி, பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. சீட், பஸ், மழை எல்லாம் சொன்னேன். அண்ணி முதலில் நம்பவில்லை. பிறகு மூன்று மாதக் குழைந்த சாதத்துக்காக என்னை நன்றாகத் திட்டினார். அண்ணன் உப்புத் தம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கடைக்கு இறங்கிப் போய்விட்டார். அவர் கோபம் ஆற இரண்டு நாள் ஆகும்.

அத்தானுக்கு விலாசம் கொடுங்கள். வரட்டும். நீங்கள் அடுத்த ஞாயிறு வாருங்கள், அவருக்கு முன்னாலேயே. மாடிக்கு நேராக ஏறி வர வேண்டும். கீழே நிற்கக் கூடாது.

எல்லாம் கேட்டு முடித்த பிறகு அண்ணி ஒன்று கேட்டார். "சரி, அவங்க வீட்ல உன்னை யாருன்னு சொன்னாங்களாம்?"

"வேண்டியவர்னு சொன்னாங்களாம்" என்றேன்.

எத்தனையாவது தடவையில் சொன்னீர்கள் என்று அண்ணி கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஊசிக்காரன்